மரியாதையும் கனமும்: தமிழ்த் திருச்சபைகளில் மூப்பர் பெற்ற இடம்

முன்னுரை

ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்கு வரும் முதியவரைக் கண்டு இளையோர் எழுந்து இடந்தருவதும், 'தோத்திரம் ஐயா' என்று கைகுவிப்பதும், ஆலயப் பண்டிகையின்போது நெடுங்காலம் தொண்டாற்றிய பெரியவர்க்குச் சபையார் பொன்னாடை போர்த்துவதும் தமிழ்க் கிறித்தவ ஊர்களில் இயல்பாகக் காணப்படும் வழக்கங்கள் ஆகும். இவை கிறித்தவ சமயம் கொண்டுவந்த வழக்கங்களா, தமிழர் வாழ்வில் முன்னரே வேரூன்றியிருந்தவையா என்னும் வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. பெரியாரைத் துணைக்கோடல், பெரியாரைப் பிழையாமை என இரண்டு அதிகாரங்களை வகுத்த திருக்குறளின் நாட்டில் மூத்தோரைப் போற்றுதல் புதிய செய்தியன்று. ஆயின், சபையில் 'மூத்தோர்' எனத் தக்கவர் யாவர் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. வயதால் மூத்தவரா, குடிப்பிறப்பால் முதன்மை பெற்றவரா, தொண்டால் உயர்ந்தவரா என்னும் இவ்வினா இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்த் திருச்சபைகளை அலைக்கழித்துள்ளது. அவ்வரலாற்றைச் சில சான்றோரின் வாழ்வு வழியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பிரெஸ்பிட்டெரோஸ்' என்னும் சொல் முதியவரையும் சபைப் பொறுப்பாளரையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இச்சொல்லுக்கு 'மூப்பர்' என்பது நிலைபெற்றுள்ளது. 1871இல் வெளிவந்த பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பிலும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஊர்த் தலைவரையும் குலத் தலைவரையும் 'மூப்பன்' என அழைக்கும் வழக்கம் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. ஆகவே இச்சொல்லைக் கேட்ட தமிழர் உள்ளத்தில் வயது, பதவி, குலத்தலைமை ஆகிய மூன்றும் ஒருசேரத் தோன்றியிருத்தல் வேண்டும்.

நாள்தோறும் மக்கள் வழங்கிய சொற்களோ வேறு. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் ஊர்தோறும் செபம் சொல்லிக்கொடுக்க அமர்த்தியவர்களுக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அத்தகையோர்க்கென எழுதிய நூல் 'வேதியர் ஒழுக்கம்' ஆகும். சீர்திருத்தச் சபையினர் அவரை 'உபதேசியார்' என்றனர். ஐரோப்பியக் குருமார் 'ஐயர்' எனப்பட்டனர்; சுவார்ட்ஸ் ஐயர், இரேனியுஸ் ஐயர், போப் ஐயர் என்னும் வழக்கு இன்றும் செவிவழி நிலவுகின்றது. விவிலியம் 'மூப்பர்' என்று கூறிய பதவியில் ஐயரும், அவருக்குக் கீழே உபதேசியாரும் நின்ற நிலை இச்சொற்களிலேயே வெளிப்படுகின்றது.

மதிப்பைக் குறிக்கும் இரண்டு சொற்களையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 'மரியாதை' வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் அடிப்படைப் பொருள் எல்லை, வரம்பு என்பதாகும். யார் எங்கு நிற்பது, யார் முதலில் பெறுவது என வரம்பு கட்டுவது மரியாதை. கோயில் திருவிழாக்களில் 'முதல் மரியாதை' எனும் வழக்கு இப்பொருளைத் தெளிவாகக் காட்டும். விவிலியத் தமிழோ பெற்றோரையும் முதியோரையும் 'கனம்பண்ண' வேண்டும் என்று கூறுகின்றது. கனம் என்பது எடை, பாரம். எபிரேய மொழியிலும் மதிப்பைக் குறிக்கும் சொல் பாரம் என்னும் பொருளுடைய வேரினின்றே பிறந்தது. மொழிபெயர்ப்பாளர் இதனை அறிந்து தேர்ந்தனரோ அல்லரோ, இரு மொழிகளும் ஈண்டு ஒத்து நிற்கின்றன. சுருங்கக் கூறின், மரியாதை ஒருவர் நிற்கும் இடத்தைச் சார்ந்தது. கனம் ஒருவர் சுமந்த பாரத்தைச் சார்ந்தது. தமிழ்த் திருச்சபைகளில் மூப்பர் வரலாறு இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த இழுபறியின் வரலாறு எனலாம்.

தரங்கம்பாடி: ஆரோன்

சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 சூலைத் திங்களில் டென்மார்க்கு மன்னரின் ஆதரவில் தரங்கம்பாடி வந்தடைந்தனர். 1707 மே மாதம் அவர்தம் முதல் திருமுழுக்கினைப் பெற்றோர் ஐவர். அவர்கள் டேனியர் இல்லங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே ஆண்டில் முதல் ஆலயமும், 1718இல் புதிய எருசலேம் ஆலயமும் எழுந்தன. அடிமைகளைக் கொண்டு தொடங்கிய சபை என்பதால் அங்குக் குல வேறுபாடு தோன்றவில்லை எனக் கருதுதல் பிழையாகும். சபை வளர்ந்து வேளாளர் முதலியோர் சேர்ந்தபொழுது, ஆலயத்தினுள் மக்கள் குலவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கமும் உடன் வளர்ந்தது. வழிபாடு ஒன்று, இருக்கை வேறு என்பதே அந்நாளைய நிலை.

இச்சபையில் முதன்முதல் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஆரோன். கடலூரில் வணிகக் குடும்பமொன்றில் பிறந்த இவரின் முன்னைப் பெயர் ஆறுமுகம். 1718இல் திருமுழுக்குப் பெற்று உபதேசியாராகத் தொண்டாற்றிய இவர், 1733 டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் குருவாக அமர்த்தப்பெற்றார். சீர்திருத்தச் சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரேயாவர். செருமானிய ஆவணங்கள் இவரை 'நாட்டுப் போதகர்' எனும் பொருள்தரும் சொல்லால் குறிக்கின்றன. இப்பெயரில் மதிப்பும் உண்டு, வரம்பும் உண்டு. திருவிருந்து பரிமாறும் உரிமை அவருக்குக் கிட்டியது. ஐரோப்பியக் குருமாரோடு ஒத்த நிலை கிட்டவில்லை. மாயவரம் முதலிய உள்நாட்டுப் பகுதிகளில் சிதறிக் கிடந்த சபையாரைத் தேடிச்சென்று பேணிய ஆரோன் 1745இல் காலமானார்.

மறுக்கப்பட்ட மூப்பு: இராசநாயக்கன்

ஆரோனுக்குப் பின் இரண்டாம் தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபொழுது நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனத் தக்கது. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சிடப்பட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்து, அதன் வாயிலாக அச்சபையை நாடி வந்தவர். ஐரோப்பியக் குருமார் எளிதில் நுழைய இயலாத தஞ்சை நாட்டில், படைவீரர் நடுவிலும் சிற்றூர்களிலும் சபைகளை உருவாக்கியவர் இவரே. அறிவாலும் உழைப்பாலும் இவருக்கு இணையானவர் அரியர் என்பதை அக்குருமாரே ஒப்புக்கொண்டிருந்தனர்.

எனினும் 1741இல் பட்டம் பெற்றவர் இராசநாயக்கன் அல்லர்; தியாகோ என்பவரே பெற்றார். காரணம் வெளிப்படையானது. இராசநாயக்கன் பறையர் குலத்தவர். உயர்குலத்தைச் சார்ந்த சபையார் அவரை உபதேசியாராக மதித்தனர். அவர் கூறும் போதனையைக் கேட்டனர். ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்தின் அப்பத்தையும் இரசத்தையும் பெற மனம் ஒப்பமாட்டார்கள் என்று குருமார் அஞ்சினர். சொல்லைப் பெறலாம், அப்பத்தைப் பெறலாகாது என்னும் இம்முரண்பாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. உணவினை யார் கையால் பெறுவது என்பதே தமிழ்ச் சமூகத்தில் குல வரம்பின் கூர்முனையாக இருந்தது. திருவிருந்து அவ்வரம்பினைத் தொட்ட இடத்தில் கனம் தோற்றது; மரியாதை வென்றது.

இராசநாயக்கன் சபையை விட்டு நீங்கவில்லை. பட்டம் பெறாமலேயே 1771இல் மறையும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உபதேசியாராகப் பணி தொடர்ந்தார். பதவியால் அன்றித் தொண்டால் மூப்பராக விளங்கியவர்க்கு இவரினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பாளையங்கோட்டையும் மயிலாடியும்

தரங்கம்பாடியில் முடியாதது தெற்கே வேறு வழிகளில் நிகழ்ந்தது. பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கம் ஒரு பெண்ணால் அமைந்தது. பிராமணக் கைம்பெண்ணான கிளாரிந்தா 1778இல் சுவார்ட்சிடம் திருமுழுக்குப் பெற்றார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. அவர் முயற்சியால் கட்டப்பட்ட ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் அர்ப்பணம் செய்தார். திருநெல்வேலித் திருச்சபையின் வித்தாக அமைந்தது இச்சபையே. கிளாரிந்தாவுக்குப் பட்டமோ பதவிப் பெயரோ இல்லை. பெண்ணுக்கு அவை அளிக்கப்படும் காலமும் அன்று. ஆனால் மக்கள் அவ்வாலயத்தைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்கினர். அலுவல் ஏடுகள் தராத சிறப்பினை மக்கள் வழக்கு தந்தது. அப்பெயரிலும் குலமே முன்னிற்கின்றது என்பதும் மறுத்தற்கில்லை. பாளையங்கோட்டைச் சபையைப் பேணுமாறு சுவார்ட்ஸ் அனுப்பிய சத்தியநாதன், 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார்.

மயிலாடியின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. தென்திருவிதாங்கூரைச் சேர்ந்த இவ்வூரில் பிறந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்திற்குத் தலயாத்திரை சென்றவர். தஞ்சையில் கிறித்தவ வழிபாட்டைக் கண்டு திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பிய அவர் தாமே ஒரு சபையைக் கூட்டினார். 1806இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் இரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தது இவர் அழைப்பின் பயனே. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் உடல்நலம் குன்றி நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தபொழுது, இரிங்கல்தௌபே சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். மீட் என்பவர் வந்துசேரும் வரை அச்சபைகளைக் காத்தவர் இவரே.

வேதமாணிக்கமும் இராசநாயக்கனைப் போன்றே ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் மறுக்கப்பட்ட பொறுப்பு, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மயிலாடியில் அளிக்கப்பட்டது. சபையார் பெரும்பாலும் அவர் குலத்தவராக இருந்தமையும், ஒப்படைக்க வேறு ஐரோப்பியர் இல்லாமையும் இதற்குக் காரணங்களாகும். குலக்கலப்புள்ள சபையில் இது நிகழ்ந்திருக்குமா என்னும் ஐயம் எஞ்சுகின்றது. அவ்வையத்திற்கு விடை தஞ்சையில் கிடைக்கின்றது.

தஞ்சை: இரு பெரியோர்

தஞ்சைச் சபையில் இரு பெரியோர் பெற்ற மதிப்பு வெவ்வேறு வகையானது. முதலாமவர் சுவார்ட்ஸ். 1750இல் தமிழகம் வந்து 1798இல் தஞ்சையில் மறைந்த இவரை இரண்டாம் சரபோசி மன்னர் தந்தையெனப் போற்றினார். சிறுவயதில் தம் உரிமையைக் காத்து, கல்விக்கு வழிவகுத்தவர் என்னும் நன்றி மன்னருக்கு இருந்தது. ஆகவே இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்துச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் நிறுவச் செய்தார். மரணப் படுக்கையிலுள்ள குருவின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. கல்லறை வாசகத்தையும் மன்னரே ஆங்கிலச் செய்யுளாக இயற்றினார். தம் சமயத்தை விடாத ஓர் அரசர் பிற சமயப் பெரியவர்க்குச் செய்த இச்சிறப்பு, கனம் சமய எல்லையையும் கடக்கும் என்பதற்குச் சான்றாகும்.

இரண்டாமவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்சால் தஞ்சைக்கு அழைத்துவரப் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களைப் படைத்துச் 'சுவிசேடக் கவிராயர்' எனப் புகழ்பெற்றவர். சபையில் அவர் பாட, மக்கள் கேட்டு நின்றனர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த இளைய குருமாருக்கும் அவருக்கும் கடும் பிணக்கு மூண்டது. பழைய தமிழ் விவிலியத்தை மாற்றுதல், திருமணத்திலும் சாவிலும் மலர்களை விலக்குதல், தமிழ்ப் பாடல்களை ஆலயத்தினின்று நீக்குதல், சாதி வேறுபாடின்றி ஒருங்கே அமர்ந்து திருவிருந்து கொள்ளுமாறு வற்புறுத்துதல் ஆகியவற்றை அவர் எதிர்த்து எழுதினார். 1829இல் மிஷன் பணியை இழந்த அவருக்குச் சரபோசி மன்னரின் ஆதரவு கிட்டியது.

இப்பிணக்கினை ஒருபுறமாக மதிப்பிடுதல் தகாது. தமிழிசையையும் தமிழ் வழக்கையும் காத்தமைக்குத் தமிழுலகம் சாஸ்திரியார்க்குக் கடன்பட்டுள்ளது. அவர் நின்றிராவிடில், ஆலயங்களில் இன்று ஒலிக்கும் கீர்த்தனை மரபு தடைப்பட்டிருக்கக்கூடும். ஆயின் அதே நாவால் அவர் குல வரம்பினையும் காத்து நின்றார். மொழியின் மானத்தையும் சாதியின் வரம்பையும் ஒரே 'மரியாதை' எனக் கொண்டமையே அவர் நிலையின் குறைபாடாகும். மறுபுறம், சாதியை நீக்க முற்பட்ட குருமார் மலரையும் பாடலையும் சாதியோடு சேர்த்து விலக்க முயன்றனர். இரு சாராரும் பிரித்தறிய வேண்டியதைப் பிரித்தறியவில்லை.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். அம்மடல் சபைகளில் வாசிக்கப்பட்டபொழுது சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். தலைமுறை தலைமுறையாகக் கூடிய சபைகள் பிளவுண்டன. வெளியேறியோருள் ஒரு பகுதியினர் பின்னர், இவ்வகையில் கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷனில் இணைந்தனர்.

இவற்றுக்குப் பின்னரும் சாஸ்திரியாரின் பாடல்கள் வாழ்ந்தன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் முதியவரான அவரை அழைத்து, அவர் பாடக் கேட்டு இசைமுறையைக் கற்றார். 1853இல் வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அப்பாடல்கள் இடம்பெற்றன. அப்பொழுது கவிஞருக்கு அகவை எண்பதை நெருங்கியிருந்தது. முதியவரின் முன் மாணவராக அமர்ந்து கேட்டலும் அவரைக் கனம்பண்ணும் முறையேயாகும். 1864இல் சாஸ்திரியார் காலமானார்.

கத்தோலிக்கச் சபைகளின் நிலை

இவ்விழுபறி சீர்திருத்தச் சபைகளுக்கு மட்டுமே உரியதன்று. முத்துக்குளித்துறையின் பரதவர் தலைவரான சாதித்தலைவர் தூத்துக்குடிப் பனிமயமாதா ஆலயத்தில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தார். 1806இல் முதன்முதலாக ஓடிய பொற்றேர் அத்தலைவர் குடும்பத்தின் கொடையாகும். ஈண்டு மரியாதை கொடையோடும் பொறுப்போடும் இணைந்திருந்தது.

திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்திலோ அது சுவராக எழுந்தது. அங்குள்ள ஆலயத்தில் வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்வதற்கெனத் தடுப்பு அமைந்திருந்தது. 1910இல் திருச்சபை அதிகாரிகள் அதனை அகற்றினர். தனியிடம் தமக்குரிய உரிமை என்று கூறியவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் கோரிய உரிமை ஏற்கப்படவில்லை. வரம்பு என்னும் சொற்பொருள் சுண்ணமும் கல்லுமாகக் கண்ணுக்குப் புலனான இடம் வடக்கன்குளம் எனலாம்.

தோர்ணக்கல்: அசரியா

தமிழ்த் திருச்சபையின் மூப்பு தமிழகத்திற்கு அப்பால் ஏற்கப்பட்ட வரலாறு வேதநாயகம் சாமுவேல் அசரியாவுடையது. 1874இல் திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் குருவானவரின் மகனாகப் பிறந்த இவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றப் பாடுபட்டவர். அச்சங்கத்தின் பணித்தளமாகிய தோர்ணக்கல் அன்று ஐதராபாத்து நிசாம் ஆட்சியில் இருந்தது. இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. 1909இல் அங்குச் சென்ற அசரியா தெலுங்கு கற்று, எளிய மக்களிடையே தங்கினார்.

1910இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை குறிப்பிடத்தக்கது. ஐரோப்பியர் செய்த தியாகங்களை நன்றியுடன் ஏற்றுக்கொண்ட அவர், இந்தியர்க்கு அன்பும் தேவை, நட்பும் தேவை என்று வேண்டினார். மேலிருந்து வழங்கும் உதவியை அன்றி, ஒரே பந்தியில் அமரும் சமநிலையை அவர் நாடினார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. ஆரோன் 'நாட்டுப் போதகர்' ஆன நாளிலிருந்து கணக்கிட்டால் 179 ஆண்டுகள் ஆகின்றன.

அசரியாவின் மறைமாவட்டத்தில் பெரும்பான்மையோர் மாலா, மாதிகா குலங்களைச் சார்ந்த ஏழை மக்கள். தமிழ்நாட்டு நாடார் குடும்பத்தில் பிறந்த ஒருவரை, மொழியும் குலமும் வேறான அம்மக்கள் தம் தலைவராக ஏற்றனர். 1939இல் அங்கு அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம் இந்தியக் கட்டடக்கலைக் கூறுகளைக் கொண்டு விளங்குகின்றது. 1945 சனவரி 1ஆம் நாள் அசரியா தோர்ணக்கல்லிலேயே மறைந்தார். குலமோ மொழியோ தராத மூப்பினை உழைப்பு தந்தது என்பதற்கு இவர் வாழ்வு சான்று பகர்கின்றது.

முடிவுரை

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. 1956இல் தமிழ் சுவிசேட லுத்தரன் திருச்சபையின் பேராயராக இராஜா பூஷணம் மாணிக்கம் பொறுப்பேற்றார். தரங்கம்பாடி மரபில் வந்த அச்சபைக்கு இந்தியர் ஒருவர் பேராயரானது அப்பொழுதுதான். 1976இல் தென்னிந்தியத் திருச்சபையில் பெண் ஒருவர்க்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது; 2013இல் நந்தியால் மறைமாவட்டத்தில் புஷ்ப லலிதா அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். கிளாரிந்தாவின் காலத்தில் எண்ணிப்பார்க்கவும் இயலாதிருந்த நிலை இவ்வாறு உருவாயிற்று.

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மூத்தோரைப் போற்றும் தமிழ் மரபினைத் திருச்சபை புதிதாகப் படைக்கவில்லை. அதனை ஏற்று, அதற்கு வழிபாட்டில் இடமளித்தது. இரண்டாவது, அம்மரபோடு குல வரம்பும் உடன் புகுந்தது. இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பட்டமும், வடக்கன்குளத்துத் தடுப்பும் அதன் விளைவுகளே. மூன்றாவது, பதவி மறுக்கப்பட்டோரும் தம் தொண்டால் மூப்பராக விளங்கினர். சபையின் நினைவு அவர்களை விடாது காத்தது. மூப்பினும் அறிவே முதன்மை பெறும் என்பது புறநானூற்றுக் காலத்திலேயே தமிழர் அறிந்த உண்மை. அதனோடு தொண்டினையும் சேர்த்து எண்ணுமாறு திருச்சபை வரலாறு கற்பிக்கின்றது.

இன்று ஆலயத்தில் முதியவர் ஒருவர்க்குப் பொன்னாடை போர்த்தும்பொழுது அது மரியாதையா, கனமா என்று வினவுதல் தகும். அவர் பிறந்த குடியையும் நன்கொடைத் தொகையையும் நோக்கி அளிப்பின் அது பழைய வரம்பின் தொடர்ச்சியே. அவர் சபைக்காகச் சுமந்த பாரத்தை நோக்கி அளிப்பின் அதுவே கனம். இராசநாயக்கன் கையால் திருவிருந்து பெற மறுத்த சபையாரும் மூத்தோரை மதிக்கத் தெரிந்தவர்களே. எவரை மூத்தோர் எனக் கொள்வது என்பதில்தான் அவர்கள் தவறினர். அத்தவற்றை நினைவில் இருத்துவதே இவ்வரலாற்றைக் கற்பதன் பயனாகும்.